பெயருக்குக் கீழே ஒரு வரி

அன்புள்ள சார்,

உங்கள் பெரியப்பாவைப் பற்றி நீங்கள் போன மாதம் எழுதிய குறிப்பை அண்ணன்தான் எனக்கு அனுப்பிவைத்தான். கொடைக்கானலுக்கு மேலே இருக்கிற மன்னவனூரிலிருந்து கீழே வடுகபட்டிப் பூண்டு மண்டிக்கு லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டு முப்பது வருஷம் மலை இறங்கியவர், சொந்தமாக ஒன்றரை ஏக்கர் வைத்திருந்தவர், ஒரு விபத்துகூடச் செய்யாதவர் என்று எழுதியிருந்தீர்கள். என் அப்பாவும் அதே பாதையில் ஓட்டியவர்தான். எங்கள் ஊர் பூம்பாறைக்கு மேலே. அப்பா நாலு மாதத்துக்கு முன்னால் இறந்துபோனார்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். முதலாவது சின்னது. மலையில் ஒரு விபத்துகூட இல்லை என்று சொல்பவன் பொய் சொல்கிறான் என்று அப்பா சொல்வார். நீங்கள் எழுதியது நிஜம்தானா?

இரண்டாவது, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கும்போது நடந்த சண்டை. பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று கடைக்காரர் கேட்டார். அண்ணன் 'விவசாயி' என்றான். நிலம் அப்பா பெயரில்தானே இருக்கிறது, கடைசிக் காலத்தில் வண்டியை விற்றுவிட்டுத் தோட்டத்தில்தானே இருந்தார் என்றான். டிரைவர் என்று போட்டால் மரியாதையாக இருக்காது என்பது அவன் நினைப்பு. அழுதுகொண்டிருந்த அம்மா எழுந்து வந்து, "டிரைவர்னு போடுங்க" என்றாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் ஒன்றும் போடாமலே அடித்தோம். அடுத்த வருஷம் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி வரும். அப்போது என்ன போடுவது?

அப்பாவைப் பற்றி நானும் ஏதாவது எழுதலாம் என்று உட்கார்ந்தால், 'வாழ்நாள் முழுவதும் எங்களுக்காகக் கஷ்டப்பட்டார்' என்பதற்கு மேல் ஒரு வரி வரவில்லை. அவர் அதிகம் பேசமாட்டார். ராத்திரி போவார், மறுநாள் வருவார், தூங்குவார். மிச்சம் இருப்பது ஒவ்வொரு லாரி நடைக்கும் அவர் கணக்கு எழுதிவைத்த நோட்டுகள் மட்டும். ஒரு பக்கத்தை அப்படியே எழுதுகிறேன்: "வ.பட்டி 41. வீடு 6. அ 1. டீ 900. திரும்ப உரம் 20, கல் 1." இதில் என்ன இருக்கிறது என்று எழுத?

என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் சின்னக் கேள்வி. உங்கள் அப்பா சொன்னது சரி. நான் பொய் எழுதவில்லை, ஆனால் பெரியப்பா ஊருக்குச் சொன்ன கணக்கை அப்படியே எழுதிவிட்டேன். ஒரு தடவை நடந்திருக்கிறது. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது அவர் வாயாலேயே கேட்டதுதான். குறிப்பை எழுதும்போது அதை வேண்டுமென்றேதான் விட்டேன். செத்தவரைப் பற்றி எழுதும்போது கை தானாகவே கொஞ்சம் வெள்ளையடித்துவிடுகிறது.

அந்த வண்டி அவருடையது அல்ல, வேறொரு முதலாளியுடையது. டீசலுக்குக் கணக்குக் கேட்கிற முதலாளி. இத்தனை லிட்டருக்குள் போய்வர வேண்டும், மிச்சம் பிடித்தால் அதில் கொஞ்சம் டிரைவருக்கு என்று பேச்சு. கொடைக்கானலில் இருந்து அடிவாரத்துக் காட்ரோடு வரை இறக்கம்தானே, இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் விட்டால் டீசலே வேண்டாம் என்று பலரும் செய்ததை அவரும் செய்திருக்கிறார். பெருமாள்மலை தாண்டி ஊத்துப் பக்கம் வரை ஒன்றுமில்லை. அதற்குக் கீழே ஒரு வளைவில் பெடலை மிதித்தால் கல்லை மிதித்த மாதிரி இருந்ததாம்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் டிரைவர் என்றால் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறவர் என்றுதான் மலைக்குக் கீழே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அந்த மாதிரிச் சின்ன லாரிகளில் காலால் மிதிக்கிற பலத்தை வேக்குவம்தான், அதாவது காற்றை உறிஞ்சி உண்டாக்கிய வெற்றிடம்தான், பல மடங்காக்கிப் பிரேக்குக்குக் கொடுக்கும். அந்த வேக்குவத்தை உண்டாக்குகிற பம்ப் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுவது. இன்ஜினை அணைத்தால் தேங்கியிருக்கிற வேக்குவம் சில மிதிக்குத் தாங்கும், அப்புறம் கிடையாது. மனுஷன் கால் பலம் மட்டும்தான் மிச்சம்.

அதோடு சூடு. கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம், வடுகபட்டி 300 மீட்டரை ஒட்டி. லோடு ஏற்றிய டாடா 407 லாரி ஐந்தரை டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு எடையை 1,800 மீட்டர் கீழே இறக்கும்போது, அந்தச் சக்தி முழுவதும் எங்கேயாவது போயாக வேண்டும். ஒருநாள் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன்: சுமார் 290 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அது. பெரிய கல்யாணச் சமையலுக்குக் காணும். அத்தனையையும் நாலு சக்கரத்துப் பிரேக் டிரம் தலையில் கட்டினால் டிரம் விரிந்துவிடும், லைனிங் வழுக்கும், காய்ந்த வாடை வரும். கியரில் இறங்கினால் அந்தச் சூட்டில் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். "ஏறுன கியர்லயேதான் இறங்கணும்" என்று பழைய டிரைவர்கள் எல்லாரும் சொல்வதற்கு அர்த்தம் அதுதான். பெரியப்பா அன்றைக்கு எப்படியோ வண்டியை மலைப்பக்க மண்மேட்டில் சாத்தி நிறுத்தியிருக்கிறார். முன்பக்கம் நசுங்கியது. கிளீனர் பையனுக்கு முன்பல் இரண்டு போனது. பழுதுபார்த்த செலவை முதலாளி ஒரு வருஷம் சம்பளத்தில் பிடித்தார். மிச்சம் பிடித்த டீசலின் விலையை நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் நியூட்ரலில் விட்டதே இல்லை. அந்தப் பையனின் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து போன மொய், சொந்தத் தங்கச்சி மகளுக்குச் செய்ததைவிட அதிகம். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது 1989-இல் வந்த சாலை விதிகளிலேயே இருந்தது. பெரியப்பா அந்த விதியைப் படித்தவர் அல்ல. லோடோடு ஏறுகிறவன் நின்றுவிட்டால் மறுபடி எடுக்கும்போது வண்டி பின்னால் உருளும், கிளீனர் கட்டையோடு ஓட வேண்டும், அதனால் இறங்குகிறவன்தான் ஒதுங்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். சீசனில் கார் எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இரண்டும் தெரியாது. நடு வளைவில் வண்டியை மறித்து ஹாரன் அடிப்பார்கள். (இதைப் பற்றித் தனியாகவே ஒரு புலம்பல் எழுதலாம். இப்போது வேண்டாம்.)

சரி, போஸ்டருக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது உங்கள் அம்மா எழுந்து வந்ததுதான். நீங்கள் அதை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். அண்ணன் மரியாதையைப் பார்த்தான், சரி. அம்மா எதைப் பார்த்தாள்?

நான் என் பெரியம்மாவை நினைத்துப் பார்த்தேன். பெரியப்பா ராத்திரி 11 மணிக்கு லோடு கட்டி, தார்ப்பாய் போட்டு, கிளம்புவார். கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர், விடிவதற்குள் மண்டியில் நிற்க வேண்டும். இறக்கி, எடை போட்டு, சீட்டு வாங்கி, திரும்ப உரமோ, மாட்டுத் தீவனமோ, மளிகையோ ஏற்றிக்கொண்டு மறுநாள் சாயங்காலம் ஊர் வந்து சேருவார். வாரத்தில் இரண்டு நடை, சீசனில் மூன்று. வந்தால் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார். அப்படியானால் அந்த ஒன்றரை ஏக்கரில் பயிர் வைத்தது யார்?

விதைப்பூண்டைப் பல் பல்லாகப் பிரிப்பது அந்த வேலையின் முதல் படி. நகக்கண்ணில் எரியும், நாலு நாளைக்குச் சோறு பிசைய முடியாது. படிவயலில் குனிந்து ஒவ்வொரு பல்லாக ஊன்ற வேண்டும். நாலு மாதப் பயிர், அதற்குள் மூன்று களை. பனியோ மழையோ, காட்டுமாடு, பன்றி வந்தால் ராத்திரியில் எழுந்து டப்பா தட்ட வேண்டும், அந்த ராத்திரிகளில் பெரியப்பா மலைப்பாதையில் டம்டம் பாறையில் டீ குடித்துக்கொண்டிருப்பார். பிடுங்கி, தாளோடு சேர்த்துக் கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டுப் புகை காட்ட வேண்டும். புகை பட்ட மலைப்பூண்டு மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கு அந்த அடுப்புதான் காரணம், அந்த அடுப்பை ஊதியவள் பெரியம்மா. அடுத்த போகத்துக்கு எது விதை, எது விற்பனைக்கு என்று பிரித்துப் பார்க்கிற கண்ணும் அவளுடையது. அந்தக் கண் பெரியப்பாவுக்குக் கிடையாது என்று அவரே சொல்வார். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரில் ஒரே பேச்சு. பெரியம்மா கேட்டது ஒன்றுதான்: "அதுக்கு மூட்டைக்கு எவ்வளவு கூடத் தருவாக?"

ஒரு தடவை கணக்கெடுக்க வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து தொழில் என்ன என்று கேட்டார். பெரியம்மா, "அவுக லாரி, விவசாயம் நானு" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே பெரியப்பாவுக்கு நேராக விவசாயி என்றும் பெரியம்மாவுக்கு நேராக வீட்டு வேலை என்றும் எழுதினார். பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை. பட்டா அவர் பெயரில்தானே. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாடு முழுக்க நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர்களாகக் கணக்கில் வந்த பெண்கள் சுமார் 14 சதவீதம்தான். வயலில் குனிந்து நிற்கிறவர்களைத் தலை எண்ணிப் பார்த்தால் எங்கள் மலையில் இந்தக் கணக்கு அப்படியே புரண்டுவிடும்.

2019-இல் விவசாயிகளுக்கு வருஷம் 6,000 ரூபாய் என்று மத்திய அரசு கொடுக்க ஆரம்பித்தது இல்லையா, மூன்று தவணையாக 2,000. பெரியப்பாவின் கணக்கில் ஏறியது. "அவுகளுக்கு விவசாயிப் பணம் வந்திருக்கு" என்று பெரியம்மா தெருவெல்லாம் சொல்வாள். அதில் கேலி எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. பெரியப்பா போன பிறகு வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டா மாற்ற அலைந்து, அவள் பெயர் ஏறியது. ஐம்பது வருஷம் பூண்டு ஊன்றியவள் அரசாங்கக் காகிதத்தில் விவசாயி ஆவதற்குப் புருஷன் சாக வேண்டியிருந்தது. அலைந்தது நான்தான் என்பதால் இந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் உங்கள் அம்மா 'டிரைவர்' என்று சொன்னதில் எனக்கு இரண்டு அர்த்தம் படுகிறது. ஒன்று, அவர் என்னவாக இருந்தாரோ அதுவாகவே அவரை அனுப்பிவைக்க நினைத்தாள். இரவு இரவாகக் கண் விழித்து, எதிரே வருகிற லைட்டைப் பார்த்தே பஸ்ஸா லாரியா என்று சொல்லத் தெரிந்த ஒரு மனிதனை, அதைவிட மரியாதையானது என்று வேறொரு வார்த்தைக்குள் திணிக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. இன்னொன்று, 'விவசாயி' என்ற சொல்லை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. அது அந்த வீட்டில் வேறு ஆளுக்குச் சொந்தமானது.

இதனால் உங்கள் அப்பாவுக்கும் நிலத்துக்கும் சம்பந்தமில்லை என்று ஆகிவிடாது. என் பெரியப்பா கடன் வாங்கிச் சொந்த வண்டி எடுத்தது தொண்ணூறுகளில். தவணையை நிலம் கட்டியது. பூண்டு விலை விழுந்த வருஷங்களில் நிலத்தின் கடனை வண்டி வாடகை கட்டியது. ஒன்றை விற்றிருந்தால் இன்னொன்றும் போயிருக்கும். வெறும் விவசாயிக்குத் தெரியாத ஒன்று பெரியப்பாவுக்குத் தெரியும்: மண்டியில் நேற்று என்ன விலை, வடநாட்டுப் பூண்டு எத்தனை லாரி இறங்கியிருக்கிறது, இன்றைக்கு இறக்கலாமா அல்லது பரணில் பத்து நாள் கிடக்கட்டுமா. அதை ஊர் முழுக்கச் சொல்லுவார். செல்போன் இல்லாத காலத்தில் மலையில் பூண்டு விலை ஏறியது இறங்கியது எல்லாம் அவர் வாய் வழியாகத்தான் தெரிந்தது. தரகர்களுக்கு அவரைப் பிடிக்காது.

2018 நவம்பரில் கஜா புயல் வந்து மரங்கள் விழுந்து பாதை அடைபட்டபோது, அவர் வண்டி ஓட்டுவதை நிறுத்தி மூன்று வருஷம் ஆகியிருந்தது. காரட் போட்டிருந்தவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா வாசலில் நின்று, எந்த வளைவில் எந்த மரம் விழுந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நாலைந்து சரியாகவே இருந்தது. "நம்ம பூடுக்கு ஒண்ணும் ஆகாது, பரண்லதான கிடக்கு" என்று பெரியம்மா உள்ளேயிருந்து சொன்னாள். இரண்டு பேருக்கும் அவரவர் தொழில் தெரியும்.

'கஷ்டப்பட்டார்' என்ற வரியை மட்டும் அடித்துவிடுங்கள். பொய் என்பதால் இல்லை. அது எல்லா அப்பாவுக்கும் பொருந்துகிறது, அதனால் உங்கள் அப்பா அதில் தெரியவில்லை. பதிலாக அந்த நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுமில்லை என்று நீங்கள் அனுப்பிய அந்தப் பக்கத்திலேயே எவ்வளவு இருக்கிறது பாருங்கள்.

வடுகபட்டிக்கு 41 மூட்டை. அந்த எண்ணிக்கையை வைத்து வண்டி 407 அல்லது அந்த அளவு வண்டி என்று சொல்லிவிடலாம். அதில் 6 உங்கள் வீட்டு மூட்டை, மிச்சம் ஊரார் சரக்கு, அதாவது வாடகை. டீ என்பது தேநீர் இல்லை, டீசல். திரும்பும்போது 20 மூட்டை உரம். கல் 1 என்பது கல்லுப்பாக இருக்க வேண்டும், மழைக்கு முந்தைய நடைகளில் பெரியப்பாவும் ஒரு மூட்டை ஏற்றி வருவார், தெருவே பங்கு போட்டுக்கொள்ளும். தேதியைப் பார்த்து மாதத்தை எழுதினால் இதையும் உறுதி செய்துவிடலாம்.

'அ 1' மட்டும்தான் இடிக்கிறது. அரிசி என்று முதலில் நினைத்தேன். ஆனால் அரிசி மேலே வருகிற சரக்கு, 'திரும்ப' என்ற சொல்லுக்குப் பிறகு வர வேண்டும். இது அதற்கு முன்னால், வீட்டு மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அட்வான்ஸ் என்றால் தொகையை எழுதியிருப்பார், 1 என்று எழுதமாட்டார். ஆக, மலையிலிருந்து கீழே இறங்கிய ஏதோ ஒரு மூட்டை, வீட்டுடையதுதான், ஆனால் வீட்டுக் கணக்கில் சேராதது.

எங்கள் வீட்டில் பெரியம்மா ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு மூட்டையின் வாயை மட்டும் சிவப்பு நூலால் தைப்பாள். பெரியப்பா அதை மண்டியில் தனியாக எடை போட்டு, தனிச்சீட்டு வாங்கி, பணத்தை அவள் கையில் கொடுத்துவிடுவார். அது அவளுடைய சிறுவாடு. என்ன செய்தாள் என்று அவர் கேட்கமாட்டார், அவளும் சொல்லமாட்டாள். எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சைப் பணம் அதிலிருந்துதான் வந்தது என்று ரொம்பப் பிறகு தெரிந்தது.

உங்கள் நோட்டில் எல்லா அறுப்பிலும் 'அ 1' வருகிறதா என்று புரட்டிப் பாருங்கள். வந்தால், நோட்டை எடுத்துக்கொண்டுபோய் அம்மாவிடம் அந்தப் பக்கத்தைக் காட்டிக் கேளுங்கள். அண்ணன் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். நினைவஞ்சலி போஸ்டருக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

அன்புடன்.